சிறு வயது முதற்கொண்டே: பால்ய காலக் காயங்களும் கிறிஸ்தவக் குணமாக்குதலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக் குழுவில் பல வருடங்கள் உட்கார்ந்து கேட்ட கேள்விகள் இவை. எனக்காக ஜெபிக்கச் சொல்லித்தான் முதலில் அங்கே போனேன். பிறருக்காக ஜெபிக்க ஆரம்பித்தது ரொம்பப் பிந்தி. நான் மருத்துவரும் இல்லை, போதகரும் இல்லை. சில பதில்களில் என் சொந்தக் கருத்து தூக்கலாக இருக்கும். உங்கள் சபை வேறு மாதிரி போதிக்கலாம், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தது நடந்துவிட்டது. "பழையவைகள் ஒழிந்துபோயின" என்று வேதமே சொல்லும்போது அதை ஏன் கிளற வேண்டும்?

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனை இயேசுவிடம் கொண்டுவருகிறார். பையன் எல்லார் கண்முன்னாலும் தரையில் விழுந்து, நுரைதள்ளிப் புரள்கிறான். அந்த நேரத்தில் இயேசு தகப்பனிடம் கேட்பது, இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று. சிறு வயது முதற்கொண்டே, என்கிறார் அவர். பிறகு அவன் தீயில் விழுந்தது, தண்ணீரில் விழுந்தது எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கிறார். கேட்காமலேயே குணமாக்கியிருக்கலாம். ஆனாலும் கேட்டார், பதிலை முழுசாகக் கேட்டு முடித்தார். அந்த வசனத்தை என்றைக்கு நிதானமாக வாசித்தேனோ, அன்றிலிருந்து "கிளறாதே" என்ற சொல் என்னிடம் எடுபடுவதில்லை.

"பின்னானவைகளை மறந்து" என்ற பிலிப்பியர் 3-ஐயும் இதற்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் மேலிருந்து வாசியுங்கள். பவுல் தன் குலம், பரிசேயப் பட்டம், நியாயப்பிரமாண நீதி ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, அவற்றையெல்லாம் நஷ்டம் என்று எண்ணுவதாக எழுதுகிறார். பேச்சு அவருடைய பெருமைகளைப் பற்றியது. ஏழு வயதில் ஒருத்திக்கு நடந்த கொடுமையை மறந்துவிடச் சொல்லும் வசனமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

என்னை யாரும் பெரிதாக அடிக்கவில்லை. எனக்கு இருப்பதைக் காயம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். அடிதான் காயம் என்று நினைத்துக்கொண்டு பாதிப் பேர் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பால்ய கால அனுபவங்களையும் பிற்கால உடல்நலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. உடலுக்கும் மனதுக்கும் செய்யப்பட்ட கொடுமை, பாலியல் கொடுமை ஆகியவற்றோடு, தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்வது, குடிநோயாளியோ மனநோயாளியோ சிறைக்குப் போனவரோ இருந்த வீட்டில் வளர்வது ஆகியவற்றையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். இந்த வகைகள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, இதய நோய் வரைக்கும் கூடியிருந்தன. சிறு வயது ரணம் ஆத்துமாவில் மட்டும் தங்குவதில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

யாரும் திரும்பிப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லக் கதையே இருக்காது. "எதுவும் நடக்கவில்லை" என்பதுதான் அங்கே நடந்தது. "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்று சங்கீதம் 27 சொல்வது இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இத்தனை வருடம் ஜெபித்தும் மாறவில்லை. என் விசுவாசம் குறைவா?

மாற்கு 9-இல் அந்தத் தகப்பனின் ஜெபம் இவ்வளவுதான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அவர் மகன் எழுந்து நின்றான். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் (தன்னை வாட்டிய ஒரு வேதனையை அப்படித்தான் சொல்கிறார்) நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார்; முள் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அரைகுறை விசுவாசக்காரருக்குச் சுகம் கிடைத்தது, அப்போஸ்தலனுக்கு முள் அப்படியே இருந்தது. இதை வைத்து விசுவாசத்துக்கு யாராவது மார்க் போட முடியுமா?

குணமானால் எல்லாம் மறந்துபோகுமா?

மறக்காது. யோசேப்பைப் பாருங்கள். பதினேழு வயதில் விற்கப்பட்டவர். எகிப்தில் பெரிய ஆளாகி, மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைக்கிறார். என் வருத்தத்தையும் என் தகப்பன் வீட்டையும் நான் மறக்கும்படி தேவன் செய்தார் என்று அதற்குக் காரணமும் சொல்கிறார். சரி, மறந்துவிட்டார் போல என்று நினைப்போம். அடுத்த அதிகாரத்திலேயே அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நிற்கிறார்கள். யோசேப்பு அப்பால் போய் அழுதுவிட்டு வருகிறார். பிறகு இன்னொரு தரம் அறைக்குள் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வெளியே வருகிறார். ஆதியாகமம் முடிவதற்குள் அவர் அழுகிற இடங்களை எண்ணினால் ஏழு வருகிறது. "மறந்தேன்" என்று மகனுக்குப் பெயரே வைத்த மனுஷர்!

ஆனால் இந்தக் கேள்விக்கு யோசேப்பைவிட எனக்கு நெருக்கமானவர் மேவிபோசேத். யோனத்தானின் மகன். தகப்பனும் தாத்தா சவுலும் போரில் செத்த செய்தி வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவசரத்தில் பிள்ளை விழுந்தான். இரண்டு காலும் முடமாயின. விழுந்ததில் அவன் தவறு ஒன்றுமில்லை. தூக்கிக்கொண்டு ஓடினவளும் கெட்ட எண்ணத்தில் ஓடவில்லை. பல வருடம் கழித்து, ராஜாவாகிவிட்ட தாவீது அவனைத் தேடி ஆள் அனுப்புகிறார். வந்து விழுந்து வணங்கியவன் தன்னைச் செத்த நாய் என்கிறான். சிறு வயதில் விழுந்த பிள்ளைகள் பெரியவர்களானபின் தங்களைப் பற்றிப் பேசுவது அப்படியே அந்தச் சொல்லில் இருக்கிறது. தாவீது அதற்கு வாதாடவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, தினமும் தன் பந்தியில் உட்காரச் சொன்னார்.

2 சாமுவேல் 9-இன் கடைசி வசனத்தைத் திறந்து பாருங்கள். அவன் ராஜாவின் பந்தியில் எந்நாளும் சாப்பிடுகிறவனாயிருந்தான் என்று சொல்லிவிட்டு, அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது என்று முடிக்கிறது. பந்தியும் உண்டு, முடமும் உண்டு. இரண்டும் ஒரே வசனத்தில். நான் பார்த்த அநேகருக்குக் குணமாக்குதல் இந்த மாதிரிதான் வந்தது.

"உள்ளான சுகம்" என்று சொல்லும் ஜெபத்தில் உண்மையில் என்ன நடக்கும்?

சபைக்குச் சபை மாறும். பொதுவாக இரண்டு பேர் உங்களோடு உட்காருவார்கள். நீங்கள் விரும்பிய அளவுக்குச் சொல்வீர்கள். அவர்கள் கேட்பார்கள், வசனம் வாசிப்பார்கள், ஜெபிப்பார்கள். யாக்கோபு 5 சொல்கிறபடி சிலர் எண்ணெய் பூசுவார்கள். கத்தோலிக்கருக்கு நோயில்பூசுதலும் ஒப்புரவும் (குருவிடம் பாவ அறிக்கை செய்வது) அருட்சாதனங்களாக இருக்கின்றன. (ஒப்புரவு பற்றி ஒன்று: உங்களுக்குச் செய்யப்பட்ட கொடுமையை உங்கள் பாவமாக அங்கே அறிக்கையிடாதீர்கள். அப்படிச் செய்கிறவர்கள் நிறைய. அது வேறொருவர் அறிக்கையிட வேண்டியது.)

இன்னொரு முறை உண்டு. கண்ணை மூடி, அந்தப் பழைய அறைக்கு மனதில் திரும்பிப் போய், இயேசு அங்கே நிற்பதாகப் பார்க்கச் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆக்னஸ் சான்ஃபோர்ட் போன்றவர்கள் "நினைவுகளின் சுகம்" என்று இந்த வழியைப் பரப்பினார்கள். சிலருக்கு இது பெரிய ஆறுதல் தந்திருக்கிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆபத்தையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் மறக்காமல் வைத்திருக்கிற ஒரு சம்பவத்துக்குள் ஆண்டவரை அழைப்பது ஒன்று. ஜெபிப்பவர் "உனக்கு நாலு வயதில் யாரோ ஏதோ செய்திருக்கிறார், ஆவியானவர் எனக்குக் காட்டுகிறார், நன்றாக யோசி" என்று நினைவைத் தோண்டுவது முற்றிலும் வேறு. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். சிறு வயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையை, உண்மைக் கதைகளோடு கலந்து 24 பேரிடம் கொடுத்தார்கள். சுமார் கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ "நினைவுகூர்ந்தார்கள்". மனது அப்படிப்பட்டது.

இதைக் காட்டி, உங்களுக்கு எப்போதும் நினைவில் இருந்துவரும் ஒன்றை "கற்பனை" என்று யாராவது தள்ளினால் அதற்கும் இடம்கொடுக்காதீர்கள். ஜெப அறையில் புதிதாக முளைத்த படத்தை வைத்து ஒருவர்மேல் பழி சுமத்த வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

ஜெபிக்கும்போது என் உடம்பு நடுங்கியது. பிசாசு என்றார்கள். உண்மையா?

இதை என் கதையிலிருந்தே சொல்கிறேன். ஒரு கூட்டத்தில் ஊழியக்காரர் ஒருவர் வரிசையாகத் தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. அவர் கையை ஓங்கியதும் என் தோள் இரண்டும் காதுவரை ஏறின, தலை தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. "பார், ஆவி கைக்குப் பயப்படுகிறது" என்றார் மைக்கில். முக்கால் மணி நேரம் என்னை வைத்துக் கத்தினார்கள். மேலே தூக்கிய ஆண் கைக்கு ஒதுங்க என் உடம்பு ஆறு வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தது. அந்த மேடையில் யாரும் அதைக் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள், வேறு இடத்தில், வயதான அம்மா ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மடிமேல் வைத்துக்கொண்டு, "தலையில கை வைக்கட்டுமா, வேண்டாமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "சரி" என்று அப்படியே ஜெபித்தார். நாலாவது தரம் போனபோது நானே அவர் கையை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன்.

மாற்கு 9-இலும் ஆவி துரத்தப்படுகிறதே என்பீர்கள். ஆமாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்பு வருகிறவர்கள்) திமிர்வாதக்காரரையும் (கைகால் விளங்காதவர்கள்) தனித்தனியாகத்தான் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் விதி, ஆயரின் தனி அனுமதி இல்லாமல் பேயோட்டும் சடங்கை யாரும் செய்யக்கூடாது என்கிறது. மற்ற சபைகளிலும் அந்த அளவுக்காவது நிதானம் இருந்தால் தேவலை. யாராவது உங்களைக் கட்டினால், அடித்தால், பட்டினி போட்டால், அது ஜெபம் அல்ல. எழுந்து வந்துவிடுங்கள்.

இது தலைமுறைச் சாபமா?

அடிக்கிற தகப்பனைப் பல நேரம் அவருடைய தகப்பனும் அடித்திருப்பார். அந்த அளவில் தலைமுறையாக வருவது உண்மைதான். ஆனால் "மூன்றாம் நான்காம் தலைமுறை" என்ற யாத்திராகமம் 20-ஐ மட்டும் சொல்லி, குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்ற எசேக்கியேல் 18-ஐச் சொல்லாமல் விடுகிறவரிடம் ஜாக்கிரதை. சாபம் முறிக்கக் கட்டணம் என்றால் இன்னும் ஜாக்கிரதை.

மனநல மருத்துவரிடம் போனால் ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? மாத்திரை சாப்பிடலாமா?

பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று சொன்னவர் இயேசுவே. ஒரு சுவிசேஷத்தையே எழுதிய லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்கிறார் பவுல். சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டான்.

இரவில் பயங்கரக் கனவு, எதிர்பாராத ஒரு வாசனையிலோ சத்தத்திலோ அந்தப் பழைய நாள் அப்படியே திரும்பி வருவது, எப்போதும் திடுக்கிட்டபடி இருப்பது ஆகியவை சேர்ந்து நீடித்தால், அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநெருக்கடி. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது நோயாகப் பதிவானது. அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவைப் பயன்படுத்திச் செய்யும் சிகிச்சை ஒன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. பயிற்சி பெற்றவரிடம்தான் இவற்றைச் செய்துகொள்ள வேண்டும்.

மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மேடையில் "இனி மாத்திரை வேண்டாம்" என்று சொல்கிறவர், அடுத்த வாரம் நீங்கள் தூங்காமல் தவிக்கும்போது உங்கள் வீட்டில் இருக்கமாட்டார். சாகத் தோன்றினால் அந்த இரவே, ஜெபக் கூட்டம் வரைக்கும் காத்திருக்காமல், ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்குக் கொடுமை செய்தவரை மன்னித்தே ஆக வேண்டுமா? மன்னித்தால் மறுபடி அவரோடு பழக வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு அவசரப் பதில் சொல்லித்தான் அதிகம் பேரை உடைத்திருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. மன்னிக்கச் சொல்லி இயேசு சொன்னார். அதை என்னால் நீக்க முடியாது. ஆனால் லூக்கா 17-இல் அவர் சொன்னது ஒரு வரிசையில் வருகிறது: அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி. நடந்ததை நடந்தது என்று சொல்லவிடாமல் "மன்னித்துவிடு" என்று ஆரம்பிப்பது, தாவீதின் மகன் அம்னோன் கெடுத்த தங்கை தாமாரிடம் அவள் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் "மவுனமாயிரு" என்று சொன்னதற்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. தகப்பன் தாவீதுக்குக் கோபம் வந்தது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை. தாமார் அண்ணன் வீட்டில் பாழாய்க் கிடந்தாள்.

மன்னிப்பு வேறு, ஒப்புரவாகுதல் வேறு. அதே தாவீதின் கதையில் இதற்கும் பதில் இருக்கிறது. தன்னைக் கொல்லத் தேடிவந்த சவுல் ராஜா தூங்கும்போது தாவீது அவரைக் கொல்லாமல் விட்டு, அவருடைய ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார். சவுல் அழைக்கிறார்: என் குமாரனே, திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்பு செய்யமாட்டேன். தாவீது என்ன செய்தார்? ஈட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனார். அடுத்த அதிகாரத்தில் எல்லை தாண்டிப் பெலிஸ்தர் நாட்டுக்கே போய்விட்டார். பழிவாங்கவும் இல்லை, வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. உங்களைக் கெடுத்தவர் இருக்கும் விசேஷ வீட்டுக்குப் போகமாட்டேன் என்றால் நீங்கள் மன்னிக்காதவராகிவிட மாட்டீர்கள். அவர்மேல் புகார் கொடுத்தாலும் அப்படித்தான், அதுவும் அவரிடம் இன்றைக்கும் வேறு பிள்ளைகள் வந்துபோகிறார்கள் என்றால்.

மன்னிப்பு ஒரே ராத்திரியில் முடிந்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு முடியவில்லை. ஒவ்வொரு தடவை நினைவு வரும்போதும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இப்போது இடைவெளி கூடியிருக்கிறது.

"உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு" என்ற கட்டளை?

கனம்பண்ணுவதற்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்குக் கீழ்ப்படியச் சொன்ன எபேசியர் 6, அதே மூச்சில் பிதாக்களுக்கும் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்கிறது. பிதாக்களுக்குச் சொன்ன அந்த வசனத்தில் நான் இதுவரை ஒரு பிரசங்கம் கேட்டதில்லை.

செய்தவரே ஊழியக்காரர் என்றால்?

இந்தச் சிறியரில் ஒருவனை இடறப்பண்ணுகிறவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டி அவனைக் கடலில் அமிழ்த்துவது நலம் என்றார் இயேசு. இதைவிடக் கடுமையாக அவர் பேசிய இடங்கள் குறைவு. "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வாயை மூடவைத்தால் கேட்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் சபைக் கமிட்டியிடம் விசாரணைக்கு விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். காவல்துறையிடமோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிடமோ நேரே போங்கள்.

யாரிடம் ஜெபத்துக்குப் போகலாம்?

தொடுவதற்கு முன் கேட்கிறவரிடம். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றை ஆளாக உட்காராதவரிடம். நீங்கள் சொன்னதை மறு வாரம் "ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்" என்று ஊருக்கே விண்ணப்பமாக வைக்காதவரிடம். மருத்துவரிடம் போகிறேன் என்றால் முகம் சுளிக்காதவரிடம். உடனே மேடையில் ஏறிச் சாட்சி சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆறாத புண்ணை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டுப் பிறகு ஒரு மாதம் எழமுடியாமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

எவ்வளவு நாள் ஆகும்?

பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு ஊருக்கு வெளியே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார். கண்ணில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனுஷர் மரங்களைப்போல நடக்கிறார்கள் என்கிறான். மறுபடியும் கைவைத்தபின்தான் தெளிவாகத் தெரிகிறது. நம்மில் பலர் இன்னும் மரங்களைப் பார்க்கிற கட்டத்தில்தான் இருக்கிறோம். மரங்களாவது தெரிகிறதே என்று நான் இருந்த வருடங்கள் உண்டு. அவன் அப்போது "நன்றாகத் தெரிகிறது ஆண்டவரே" என்று மரியாதைக்காகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. "பிதாவே" என்ற வார்த்தையே தொண்டையில் சிக்குகிறது.

அப்படியானால் அந்த வார்த்தையை இப்போதைக்கு வைத்துவிடுங்கள். மேய்ப்பர், கன்மலை, அடைக்கலம் என்று வேதத்தில் வேறு எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. நான் மூன்று வருடத்துக்குமேல் "கன்மலையே" என்றுதான் கூப்பிட்டேன். கல் யாரையும் கை ஓங்காது.

சொந்த வார்த்தை வராத நாளில் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஏமான் எழுதினது. சிறுவயது முதல் தான் சிறுமைப்பட்டவன் என்று அதன் 15-ஆம் வசனம் சொல்கிறது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு ஸ்தோத்திரமோ நம்பிக்கையோ வந்துவிடும், இதில் வராது. இருளில்தான் முடிகிறது. அதைத் திருத்தாமல் அப்படியே வேதத்துக்குள் விட்டிருக்கிறார்கள். அதை வாய்விட்டு வாசித்துவிட்டு, ஆமென் சொல்ல வந்தால் சொல்லுங்கள். வராவிட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்குங்கள்.